வாளும் உளியும் வாங்கிவிட்டேன், இனி என்ன செய்வது?

வாசகர் கேள்வி, 9 மார்ச் 2024

அண்ணை, எனக்கு 26 வயது. யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு நிதி நிறுவனத்தில் நாலு வருடமாக வேலை. கொரோனாக் காலத்தில் வீட்டில் சும்மா இருந்தபோது ஒரு புத்தகத் தட்டு செய்தேன். அதோடு பிடித்த பைத்தியம் இன்னும் போகவில்லை. போன மாதம் போனஸ் காசில் வாள், நாலு உளி, சீவுளி, கையால் பிடிக்கும் வட்ட வாள் மெசின் எல்லாம் வாங்கிவிட்டேன். யூரியூப்பைப் பார்த்துத்தான் பழகுகிறேன். வேலையை விட்டுவிட்டுத் தளபாடம் செய்து பிழைக்க யோசிக்கிறேன். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. எத்தனை மாதத்தில் பழகலாம்? மரம் எங்கே வாங்குவது? உண்மையைச் சொல்லுங்கோ.

9 மார்ச், இரவு

வேலையை விட வேண்டாம். அம்மாவைச் சாப்பிடச் சொல்லும். மிச்சம் நாளைக்கு.

10 மார்ச்

தம்பி, முதலில் ஒரு கேள்வி. அந்தப் புத்தகத் தட்டு இன்னும் நேராக நிற்கிறதா? நடுவில் தொய்ந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். என்னுடைய முதல் தட்டு ஒரு வருடத்தில் தொட்டில் மாதிரி வளைந்தது. அது ஏன் வளைந்தது என்று தேடிப் போனபோதுதான் நான் இந்த வேலையைப் படிக்கத் தொடங்கினேன்.

இனிக் கருவி வாங்க வேண்டாம். நாலு உளி போதும். அந்த நாலையும் கையில் மயிர் சிரைக்கும் அளவுக்குத் தீட்டத் தெரிகிறதா என்று பாரும். கடையில் வாங்கிய உளி கூராக வராது. அதன் முதுகுப் பக்கத்தை முதலில் தீட்டுக்கல்லில் மட்டமாக்க வேண்டும், அதற்கே ஒரு பின்னேரம் போகும். இதை நாலுக்கும் செய்துவிட்டு வாரும், பேசலாம்.

எத்தனை மாதம் என்று கேட்டீர். எட்டு மாதம் ஒழுங்காகப் பழகினால் ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மேசை தனியாகச் செய்யலாம்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் தளபாடம் மட்டும் செய்து சாப்பிடுகிற ஆள் அருமை. என் வருமானத்தில் பாதிக்கு மேல் கதவு, யன்னல், நிலை, பழைய சாமான் திருத்தல். அலுமாரியும் கட்டிலும் தையிலும் ஆவணியிலும், கலியாணத்தோடு வரும். ஆடியில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

11 மார்ச்

நேற்று எழுதிய எட்டு மாதம் பிழை. இரவு படுத்திருந்து யோசித்தேன். நான் பழகத் தொடங்கியது 1991இல், பதினேழு வயதில். கரண்ட் இல்லாத யாழ்ப்பாணம். பொருளாதாரத் தடை வேறு. முதல் ஆறு மாதம் எனக்குக் கிடைத்த வேலை இரண்டுதான்: பழைய ஆணியை நிமிர்த்துவது, குருநாதரின் உளிகளைத் தீட்டுவது. ஏழாம் மாதம்தான் மரத்தில் கை வைக்க விட்டார், அதுவும் ஒரு வாங்கின் (பெஞ்சின்) காலைத் திருத்த. கதிரை என்று ஒன்றை முழுதாக, அவர் திட்டாமல், நான் செய்து முடித்தது மூன்றாம் வருடம்.

உமக்கு மெசின் இருக்கிறது, நல்ல வெளிச்சம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது. அதைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டு வருடம்.

17 மார்ச்

மரம். இதில்தான் புதிதாக வருகிறவர்கள் காசை விடுகிறார்கள்.

மரம் விற்கும் மரக்காலைக்குப் போய் "நல்ல மரம் தாருங்கோ" என்று கேட்டால் கதை முடிந்தது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வன்னிப் பக்கத்து முதிரை, பாலை இரண்டும் கல் மாதிரி. பாலை நிலைக்கும் தீராந்திக்கும் (கூரை உத்தரத்துக்கும்) சரி, தளபாடத்துக்கு எடுத்தால் கையும் வாளும் போகும். முதிரை வடிவு. சீவச் சீவப் பட்டு மாதிரி மினுங்கும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் சொறி எழுப்பும். எனக்குக் கழுத்தில் வரும். வேம்பு மலிவு, கசப்பால் பூச்சி அவ்வளவாக அண்டாது, ஆனால் நெளியும். தேக்கு சொல்லத் தேவையில்லை, விலையும் சொல்லத் தேவையில்லை. பழகுகிறவனுக்கு நான் சொல்லுவது பலா. உளிக்குச் சொன்னபடி கேட்கும், மஞ்சள் நிறம் வருடம் போகப்போகத் தேன் நிறமாகும். ஆனால் வெள்ளைப் பகுதியை வாங்க வேண்டாம், உளுத்துப் போகும்.

கணக்கு: அறுத்த மரத்துக்குத் தடிப்பும் அகலமும் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144ஆல் பிரித்தால் கன அடி. 2க்கு 6, 12 அடி நீளம் என்றால் சரியாக 1 கன அடி. இந்த ஒன்றை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் வாயாலேயே வரும்.

உருட்டுக் கட்டைக்கு வேறு வழி. சுற்றளவை நாலால் பிரித்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையில் அந்தக் கட்டைக்குள் 12.73 கன அடி மரம் இருக்கிறது. ஆக 27 வீதம் கணக்கில் வராது. வியாபாரி நல்லவர் என்று நினைக்க வேண்டாம். பக்கப் பலகையும் வாள் தூளுமாக அது எப்படியும் போகும், அதற்குத்தான் அந்தப் பழைய கணக்கு.

18 மார்ச்

கணக்கு வாத்தியார் ஒருவர் பிடித்துவிட்டார். 12.73இல் 2.73 குறைகிறது என்றால் அது 21 வீதம், 27 அல்ல. நான் 10ஆல் பிரித்திருக்கிறேன். அவர் சொன்னது சரி. முப்பது வருடமாக மரக்காலையில் நான் வாயடித்துக்கொண்டிருந்த கணக்கு இது. இனி அங்கே போக வெட்கமாக இருக்கும்.

2 ஏப்ரல்

கொக்குவிலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "இது குலத்தொழில் அல்லவா, வெளியாள் வந்தால் பழக்குவார்களா?"

சுற்றி வளைக்காமல் சொல்லுகிறேன். நான் பழகியபோது கேட்ட முதல் கேள்வி "நீ ஆற்றை ஆள்?", அதாவது எந்தச் சாதி, என்பதுதான். எங்கள் வீட்டிலும் இதே கேள்வி, மறுபக்கத்திலிருந்து. "படிச்ச பிள்ளை, ஏன் இந்த வேலை?" என்று மாமா ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. குருநாதர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஆணி நிமிர்த்த ஒரு ஆள்.

இன்றைக்கு நிலைமை வேறு. பழைய குடும்பங்களின் பிள்ளைகள் பாதிப்பேர் கனடாவில், மிச்சப்பேர் கந்தோர்களில், அதாவது அலுவலகங்களில். தச்சுப் பட்டடைகளில் ஆள் இல்லை. கை தரத் தயாரான ஆளை எந்த மேத்திரியாரும் (தலைமைத் தச்சரும்) சாதி பார்த்துத் திருப்பி அனுப்புகிற காலம் போய்விட்டது என்றுதான் என் அனுபவம். கலியாணப் பேச்சில் மட்டும் அந்தக் காலம் போகவில்லை. அதற்கு என்னிடம் உளி இல்லை.

21 ஏப்ரல்

வேலை இல்லாத ஞாயிறு. கொஞ்சம் வேறு கதை.

மேலே "கந்தோர்" என்று எழுதினேன், அது ஒல்லாந்துச் சொல். பட்டடையைச் சுற்றிப் பார்த்தேன். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், சாவி: எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப் போனவை. லாச்சி, அதாவது இழுப்பறை, ஒல்லாந்தர் தந்தது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் அவர்களைக் கலைத்தார்கள். இரண்டு பேரும் போய் எத்தனை காலம், இன்னும் அவர்களுடைய பெயரைச் சொல்லித்தான் பில் போடுகிறேன்.

கட்டில் நம்முடைய சொல். முரசு கட்டில் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அப்போது கதிரைக்கு முன் நாங்கள் எதில் இருந்தோம்? திண்ணையில், பாயில். கால் வைத்து உயர்த்தி இருக்கும் ஆசை பிறகு வந்தது. ஆனால் வந்த பிறகு சும்மா இருக்கவில்லை: சாய்மனைக் கதிரையில் அப்பு காலை நீட்டிச் சாய்ந்து கிடந்த வடிவை எந்த வெள்ளைக்காரனும் கண்டுபிடித்திருக்க முடியாது.

(நண்பர் ஒருவர் சொல்லுகிறார், அதையும் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார்தான் கொண்டுவந்தார்கள் என்று. சரி. சாய்ந்தது அப்புதான்.)

12 மே

விலை எப்படிப் போடுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் போடத் தெரியாமல் கெட்ட கதையைச் சொல்லுகிறேன், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். எட்டுப் பேர் சாப்பிடும் மேசை, எட்டுக் கதிரை, தேக்கு. ஊருக்கு வரும்போது எடுப்பாராம். தெரிந்த குடும்பம் என்பதால் முற்பணம் கேட்கக் கூச்சம். மரத்துக்கு என் காசைப் போட்டேன். கதிரையின் முதுகு வளைவு படத்தில் லேசாகத் தெரிந்தது. செய்யும்போதுதான் தெரிந்தது, ஒவ்வொரு வளைவுக்கும் தடித்த மரத்தை எடுத்து முக்கால்வாசியைச் சீவி எறிய வேண்டும் என்று. ஒரு மாதம் என்று சொன்னது மூன்று மாதம் ஆனது. அவர் வந்தார், பார்த்தார், "நிறம் படத்தில இருக்கிற மாதிரி இல்லையே" என்றார். போய்விட்டார்.

அந்த மேசை இப்போது எங்கள் வீட்டில். நாலு பேர், எட்டுக் கதிரை. துணி மடித்து வைக்க வசதி.

இப்போது என் வழி: மரத்தின் விலையோடு சீவிப் போகும் பங்கையும் சேர்த்துப் போடுவேன். என் மணித்தியாலத்துக்கு ஒரு கூலி, கொப்பியில் எழுதி வைத்து. கரண்ட், வாள் தீட்டுக்கூலி, வார்னிஷ், லொறிக்கூலி. பாதிக் காசு மேசையில் வராமல் மரக்காலைப் பக்கம் போவதில்லை. நிறத்துக்கு ஒரு சாண் துண்டில் பூசிக் காட்டி, அதன் பின்பக்கத்தில் அவர்களிடமே கையெழுத்து வாங்குவேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தெற்கிலிருந்து வருகிற, மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை அலுமாரியோடு விலையில் போட்டி போட நினைக்க வேண்டாம். தவணைக்குக் கொடுக்கிறார்கள். மொறட்டுவைக்காரரோடும் போட்டி போட முடியாது, அங்கே ஊரே தச்சுப்பட்டடை. உமக்கு இருக்கிற ஒரே பலம், வாங்குகிறவரின் வீட்டுக்குச் சைக்கிளில் போய் மூலையை அளந்து, அந்த மூலைக்கு என்றே செய்து கொடுக்கலாம் என்பது. பிறகு அது ஆடினால் திட்டவும் உம்மைத்தான் தேடி வருவார்கள். அதுவும் பலம்தான்.

30 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி போன மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் என் பட்டடைக்கு வருகிறார். உளி தீட்டத் தெரிகிறது. சோளகக் காற்று அடிக்கிறது, மரமெல்லாம் காய்ந்து சுருங்கி நிற்கிறது. நேற்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழை முழுவதிலும் முக்கியமான விசயம் இதுதான், நான் நாலு மாதம் பினாத்திவிட்டு இப்போதுதான் வருகிறேன்.

மரம் செத்த பிறகும் மூச்சு விடும். ஈரம் ஏறினால் அகலத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் ஆடாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆண்டு வளையத்தின் ஓட்டத்தில் ஆடுவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஆடுவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை நெளிகிறது. இங்கே ஓரடி அகலப் பலகை சோளகத்துக்கும் மாரிக்கும் இடையில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் ஆடும். என் கையால் அளந்தது.

எனக்கு இதைப் படிப்பித்தவர் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர். அவருக்கு எழுதும் மேசை ஒன்று செய்து கொடுத்தேன், ஆடி மாதத்தில். லாச்சி கண்ணாடியில் வழுக்குகிற மாதிரி ஓடியது. நானே நாலு தரம் இழுத்து இழுத்துக் காட்டினேன். கார்த்திகையில் ஆள் அனுப்பினார். பென்சன் புத்தகம் உள்ளே, லாச்சி இறுகி அசையவில்லை. மழைக்குள் சீவுளியோடு போனேன். பின்பலகையைக் கழற்றித்தான் எடுத்தோம். மனிசன் ஒரு வார்த்தை திட்டவில்லை. தேத்தண்ணீர் தந்தார். அது திட்டை விட மோசம்.

ஆகவே: சோளகத்தில் செய்கிற லாச்சிக்கு இடைவெளி விட வேண்டும், பார்க்க அசிங்கமாக இருந்தாலும். மாரியில் செய்வதை ஒட்டச் செய்யலாம், அது பிறகு சுருங்கும். மேசைப் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டக் கூடாது. திருகாணி போகும் துளையை நீளமாக வெட்டிவிட்டால் பலகை தன் பாட்டுக்கு ஊதிச் சுருங்கும். பச்சை மரம் வாங்கினால் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் நிழலில், இடையில் சிலாகை (மெல்லிய சட்டம்) வைத்து அடுக்கிக் காய விட வேண்டும். அந்த ஒரு வருடம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றால், அதற்குத்தான் வங்கிச் சம்பளம். வேலையை விட வேண்டாம் என்று முதல் நாள் சொன்னது இதற்குத்தான்.

1 ஜூலை

தம்பி திருத்தம் போடச் சொல்லுகிறார். அவர் இருப்பது வங்கி அல்ல, நிதி நிறுவனம்.

21 ஜூலை

கடதாசி விசயம், சுருக்கமாக.

வளவில் நிற்கும் சொந்தப் பலா என்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் 1951ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது, அனுமதி எடுக்க வேண்டும். கிராம சேவகரிடம் தொடங்குங்கள். மரத்தை லொறியில் ஏற்றுகிறபோது வழி அனுமதி வேண்டிய மரமா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள், பொலிஸ் மறித்த பிறகு கேட்டுப் பயன் இல்லை. மரக்காலை பில்லைத் தூக்கி எறிய வேண்டாம்.

சான்றிதழ்: என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமை ஒன்றிலிருந்து ஏழு வரை. தனியாக நின்று வேலை செய்யக்கூடிய கைவினைஞனுக்கு நாலாம் மட்டம். என்னை மாதிரித் தொழிற்பள்ளிக்கூடம் போகாமல் பழகினவர்களுக்கும் வழி உண்டு. தொழில் பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவில் அனுபவத்தைக் காட்டி, செய்து காட்டி, அப்படியே எடுக்கலாம். நான் எடுத்தது 41 வயதில். பரீட்சகருக்கு என் வயதில் பாதி. மிகவும் மரியாதையாக "ஐயா, இந்த மூட்டுக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். முழிசிக்கொண்டு நின்றேன். பெயர் புறாவால் மூட்டு என்று அன்றைக்குத்தான் தெரியும், அதுவரை நாங்கள் அதை "விரிச்சுப் போடுறது" என்றுதான் சொல்லுவோம்.

25 ஓகஸ்ட்

நல்லூர்த் திருவிழா நடக்கிறது. பட்டடை பூட்டு, காலையும் மாலையும் வீதியில். தேரைப் பார்க்கிறவர்கள் சுவாமியைப் பார்ப்பார்கள், நான் சில்லைப் பார்ப்பேன். பாவமா தெரியாது. தேர் வேலையும் சுவாமி வாகன வேலையும் வேறு உலகம். அதற்குச் சிற்பம் பழகிய ஆசாரிமார் இருக்கிறார்கள். அதை நாம் கும்பிட்டுவிட்டு வரலாம், தொடக் கூடாது.

அங்கே பழைய கூட்டாளி ஒருவரைக் கண்டேன். கை கொடுத்தார், இரண்டு விரல் இல்லை. வட்ட வாள். காவல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்திருக்கிறார், நாங்கள் எல்லோரும் செய்கிற மாதிரி. பலகை வாளை இறுக்கிப் பிடிக்க, வாள் அதைத் திருப்பி எறிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் மூடியைத் தேடினேன். கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்தது. பூட்டிவிட்டேன்.

மூக்குக்கும் துணி கட்டுங்கள், துணி போதாது, நல்ல மாஸ்க். மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகமே உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது.

15 செப்டெம்பர்

பனையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று வாசகர் ஒருவருக்குக் கோபம். யாழ்ப்பாணத்தான் பனையை மறந்தானாம்.

மறக்கவில்லை, பயம். பனை எங்கள் கூரையைத் தாங்கியது. வளை, கைமரம், சிலாகை எல்லாம் அதுதான். ஆனால் மற்ற மரத்துக்கு வைரம், அதாவது கெட்டிப் பகுதி, உள்ளே, பனைக்கு வெளியே. நடுவில் சோறு. புறத்தே காழ் (வைரம்) உள்ளது புல், அகத்தே காழ் உள்ளது மரம் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் நாங்கள் புல்லைப் போட்டுத்தான் வீடு கட்டியிருக்கிறோம். கறுத்த வைரத்தில் சீவுளி வைத்தால் பத்து இழுவையில் கூர் போய்விடும். நார் சிலும்பிக் கைக்குள் ஏறும். ஏறினது இலேசில் வெளியே வராது.

ஆனாலும் ஒரு முறை இடித்த வீட்டின் பழைய வளையை வாங்கி, அறுத்து, ஒரு முக்காலி செய்தேன். கறுப்பில் மஞ்சள் கோடு ஓடும் அந்த மினுக்கம் வேறு எந்த மரத்திலும் இல்லை. விற்கவில்லை. விலை கேட்டவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

6 ஒக்டோபர்

"2022 நெருக்கடியில் என்ன செய்தீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத அந்த மார்ச் மாதக் கடைசியில் மெசின்காரர் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். நான் கைவாளை எடுத்தேன். 1991 திரும்பி வந்த மாதிரி. இரண்டு கிழமை வீரமாக இருந்தது, மூன்றாம் கிழமை தோள்மூட்டு போயிற்று. கைவேலைதான் உயர்வு என்று இனிமேல் யாருக்கும் சொல்லுவதில்லை.

1 டிசெம்பர்

ஃபெங்கல் புயல் மழை. ஒழுங்கை முழுவதும் வெள்ளம், பட்டடைக்குள் கணுக்கால் அளவு. பலகைகளை முன்பே மேலே ஏற்றிவிட்டோம்.

தம்பி வேலையை விட்டாரா என்று பலர் கேட்கிறீர்கள். இல்லை. சனி, ஞாயிறு வருகிறார். இதுவரை இரண்டு ஸ்டூல், திருத்திய கதிரை பதினொன்று, ஒரு எழுதும் மேசை. திருத்துவது அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது பழைய கதிரை ஒன்றைக் கழற்றும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஆக்கள் எந்த இடத்தில் பசை போடவில்லை என்று தேடுகிறார். அம்மா ஒரு சாமித்தட்டுக்குச் சொல்லியிருக்கிறாராம், காசு தர மாட்டாராம்.

அவருடைய எழுதும் மேசை ஜூலையில் செய்தது. லாச்சிக்கு நான் சொன்னதை விட இன்னும் அரை நூல் அதிகமாக இடைவெளி விட்டார். பல்லுப் போன கிழவன் மாதிரி இருக்கிறது என்று அன்றைக்குப் பகிடி பண்ணினேன். இன்று காலை போன் எடுத்தார்: லாச்சி நன்றாக ஓடுகிறதாம்.

நானும் அதே ஜூலையில் என் பட்டடை மேசைக்குப் புது லாச்சி ஒன்று போட்டேன். இங்கே எழுதிக்கொண்டிருந்த அவசரத்தில். அது மூன்று நாளாகத் திறக்கவில்லை. தம்பி, சனிக்கிழமை வரும்போது உம்முடைய அளவுநாடாவைக் கொண்டு வாரும். என்னுடையது உள்ளே.